இறந்தவரின் தாயார் பெயர்

"நீங்க வாயால சொல்றதை நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதிக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார் எழுத்துக்கூட்டி. காகிதத்தோடு நூல் கட்டிய பென்சில் ஒன்றும் போகிறது. வெளியே நிற்பவர் தன் அப்பாவின் பெயரை எழுதி உள்ளே தள்ளுகிறார். இவர் அதை விளக்குக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டு வாய்விட்டுப் படிக்கிறார். "கொம்பு இருக்கு. கால் இருக்கு. இங்க புள்ளி உண்டா, கிடையாதா? நல்லா பாத்துச் சொல்லுங்க. இந்தப் புள்ளிக்காக ஒருத்தர் ஒன்பது மாசம் அலைஞ்சிருக்கார்." வெளியே நிற்பவர் தேம்பிக்கொண்டிருந்தாலும் சரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுத்துக்கூட்டி என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். உள்ளாட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் எழுத்தர். பதினான்கு வருடமாக அதே நாற்காலி. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை, எப்போதும் மை பட்ட வலது நடுவிரல். எல்லாம் கணினிக்குப் போன பிறகும் அந்த மை போகவில்லை. முதலில் பேனாவால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, உறவினருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் தலையசைத்த பிறகுதான் தட்டச்சு. பட்டப்பெயரைச் சொன்னால் கோபப்பட மாட்டார். "கூட்டாம எழுதினவன் எல்லாம் எங்க இருக்கான்? திருத்த மனுவோட என் ஜன்னல்லதான் நிக்கிறான்" என்பார்.

தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிய அறை அவருடையது. கூரையின் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் அவருக்குப் பின்னால் போகிறவர்கள் குனிந்து போக வேண்டும். சுவரோரமாக இரும்பு அலமாரிகள். அவற்றில் பச்சை அட்டைப் பதிவேடுகள் பிறப்புக்கு, பழுப்பு அட்டை இறப்புக்கு. ஜன்னலுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் நான்காவது காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி ஆட்டத்தை நிறுத்தியவரும் இவர்தான்.

முன்பெல்லாம் பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே வரிசை. ஒருநாள் புதிதாக அப்பாவான ஒருவர், சந்தோஷம் தாங்காமல் வரிசையில் நின்ற எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டே வந்தார். மகனைப் பறிகொடுத்து நின்ற ஒரு பெண்மணியின் கையிலும் ஒன்று வந்து விழுந்தது. அவள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையை விரித்தபடியே ஜன்னல் வரை வந்து சேர்ந்தாள். அன்று சாயங்காலமே எழுத்துக்கூட்டி மேலதிகாரியிடம் போய் நின்றார். மறுநாள் முதல் பிறப்புக்குக் காலை, இறப்புக்குப் பதினொரு மணிக்கு மேல் என்று பலகை தொங்கியது. பதினான்கு வருட வேலையில் அவர் மேலதிகாரியின் அறைக்குள் தானாகப் போனது அந்த ஒரு தடவைதான்.

'செத்தவர்' என்ற சொல் அவர் வாயில் வராது. 'இறந்தவர்' கூட அச்சடித்த படிவத்தில் மட்டும்தான். "யாருக்குங்க?" என்றுதான் தொடங்குவார். "அப்பாவுக்கு" என்பார்கள். "எங்க வச்சு?" என்பது அடுத்த கேள்வி. குடியிருந்த ஊரின் அலுவலகத்துக்கு ஓடி, அங்கிருந்து விரட்டப்பட்டு, களைத்துப்போய் வருகிறவர்கள்தான் பாதிப்பேர். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்வார். "எந்த ஊர்ல வாழ்ந்தார்ங்கறது நமக்குக் கணக்கில்லைங்க. எந்த ஊர்ல மூச்சு நின்னுச்சோ அந்த ஊர் ஆபீஸ்தான் எழுதித் தரணும். ஆஸ்பத்திரின்னா அவங்களே எங்களுக்கு அறிக்கை அனுப்பிடுவாங்க. வீட்டுலன்னா பாத்த டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. இருபத்தோரு நாளைக்குள்ள பதிஞ்சுட்டா என்னோட போயிடும். தாண்டிட்டா மேல, அதுக்கும் மேலன்னு படி ஏறணும். உங்களுக்கு இப்ப முட்டி வலிக்கிற நேரமா?"

சிரிக்க முடியாத இடத்தில் அவர் சொல்லும் இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிலர் சிரித்துவிடுவார்கள். அதற்காகத்தான் சொல்வார். "போயிட்டு வரேங்க" என்று பழக்க தோஷத்தில் விடைபெறுகிறவர்களிடம், "இங்க மட்டும் அப்படிச் சொல்லாதீங்க. போயிட்டே இருங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

வயதான ஒருவர் மனைவியின் வயதில் மூன்றைக் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் வழக்காடியிருக்கிறார். "அவ அப்படித்தாங்க சொல்லுவா. அறுபத்தொண்ணுன்னு போட்டா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா." எழுத்துக்கூட்டி சான்றிதழில் அறுபத்தொன்று என்றே அச்சடித்தார். ஆனால் படித்துக் காட்டும்போது ஐம்பத்தெட்டு என்று படித்தார். கிழவர் திருப்தியாகத் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். விதியை மீறி அவர் செய்த காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்.

எழுத்தின்மேல் அவருக்கு இவ்வளவு பயம் வந்ததற்குச் சொந்தக் காரணம் உண்டு. பதினாறு வருடத்துக்கு முன்னால், அவர் வரிப்பிரிவில் இருந்தபோது, அவருடைய அம்மா போய்ச் சேர்ந்தார். அம்மாவின் பெயரில் நடுவில் ழகரம் வரும். அன்று இந்த நாற்காலியில் இருந்தவர் அதை ளகரமாக எழுதிவிட்டார். துக்கத்தில் இருந்த மகன் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வங்கிக்கும் அலுவலகத்துக்கும் வக்கீல் வீட்டுக்குமாக ஒரு வருடம் நடந்தார். அம்மா இறந்ததை நிரூபிப்பதைவிட, இறந்தது அம்மாதான் என்பதை நிரூபிப்பது பெரும்பாடாக இருந்தது. இந்தப் பிரிவில் இடம் காலியானபோது யாரும் கேட்காத மாற்றலைக் கேட்டு வாங்கினார்.

அந்த ஒரு வருடத்தில் அவர் இழந்தது இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி ஜன்னலில் பேச மாட்டார்.

அவருக்கு ஓர் அண்ணன். எட்டு வயது மூத்தவர். அப்பா இல்லாமல் போன வருடம் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பேருந்துப் பணிமனையில் இரும்பு தூக்கப் போனார். கிரீஸ் படிந்த அந்தக் கையால்தான் தம்பிக்குப் புத்தகம் வாங்கினார், பேனா வாங்கினார். தம்பி எழுத்தர் வேலைக்கு முதல்நாள் கிளம்பியபோது சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். பிறகு பணிமனை வேலை அண்ணனைத் தொலைவில் இருக்கும் வேறு ஊருக்குக் கொண்டுபோனது. அம்மா தம்பியிடம் இருந்தார்.

அம்மா போன அன்று மழை. ரயில் எந்த நேரத்துக்கு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. சுற்றியிருந்தவர்கள் "இனியும் வச்சிருக்க முடியாதுப்பா" என்றார்கள். தம்பி தலையசைத்துவிட்டார். அடக்கம் முடிந்து ஒரு மணி நேரத்தில், நனைந்த பையோடு அண்ணன் வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "அம்மா முகத்தைக் காட்டாம அனுப்பிட்டியேடா" என்றார். தம்பி காலைப் பிடிக்கக் குனிந்தபோது விலகிக்கொண்டார். "எனக்கு ஒண்ணுன்னா உனக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. போ." பையை உள்ளே வைக்காமலே திரும்பிப் போனார்.

இவர் கடிதம் போட்டார், ஆள் அனுப்பினார். இரண்டு தடவை நேரிலேயே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் விட்டுவிட்டார். பதினாறு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் அவருக்கு இடது கண்ணில் புரை முற்றி அறுவை சிகிச்சை செய்தார்கள். டாக்டர் ஒரு மாதம் ஓய்வு என்றார். கண்ணைக் கசக்கக் கூடாது, தலை குனியக் கூடாது, அழக் கூடாது என்றார். "நான் பாக்கற வேலைல அடுத்தவங்கதான் டாக்டர் அழுவாங்க" என்று இவர் சொன்னதற்கு டாக்டரே சிரித்தாராம். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் கை நமநமவென்றிருக்கிறது. தன் இடத்தில் பக்கத்து இருக்கைப் பெண் எழுத்தர் என்னென்ன புள்ளியை விட்டாளோ என்று கவலை. இருபதாம் நாள், மனைவியின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்துவிட்டார்.

வந்த அன்றே பதினொரு மணிக்கு மேல், பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மடியில் பிளாஸ்டிக் உறை. தன் முறை வந்தபோது எழுந்தவள், ஜன்னலில் இவரைப் பார்த்ததும் பின்னால் நின்றவருக்கு வழி விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இப்படியே நான்கு பேருக்கு வழி விட்டாள். ஒருதரம் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெண் எழுத்தரிடம் காகிதத்தை நீட்டிப் பார்த்தாள். "அந்த ஜன்னல்லதாம்மா" என்று அவள் திருப்பிவிட்டாள். இப்படித் தயங்குகிறவர்களை எழுத்துக்கூட்டிக்குத் தெரியும். காகிதத்தைக் கொடுத்துவிட்டால் உண்மையாகிவிடுமே என்று பயப்படுகிறவர்கள். அவசரப்படுத்தக் கூடாது.

பெஞ்சு காலியான பிறகு அவரே கூப்பிட்டார். "வாம்மா. யாருக்கு?"

"அப்பாவுக்குங்க."

"எங்க வச்சும்மா?"

"இங்க, பெரிய ஆஸ்பத்திரில. பதினாலு நாள் ஆகுது. அம்மாவோட பென்ஷனுக்குக் கேக்கறாங்க."

"ஆஸ்பத்திரி அறிக்கை வந்திருக்கும். நான் லீவுல இருந்தப்போ பதிஞ்சிருப்பாங்க. இந்தத் தாள்ல அப்பா பேரை எழுதிக் குடு" என்று துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

அவள் பென்சிலை வாங்கினாள். எழுதத் தொடங்கிவிட்டு நிறுத்தி, அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு எழுதி உள்ளே தள்ளினாள்.

விளக்குக்குக் கிட்டே பிடித்து விரலை வைத்தார். முதல் எழுத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. அந்தப் பெயர் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கணினியில் தேடினார். வயது, சரி. தொழில், பேருந்துப் பணிமனை, ஓய்வு. நிரந்தர முகவரியில் அவர் இரண்டு தடவை போய்ப் பூட்டியிருக்கப் பார்த்த அந்தக் கதவின் எண். தந்தை பெயர் என்ற கட்டத்தில் அவருடைய அப்பா.

பதினான்கு வருடத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்தான் எல்லாம் தெரிந்துகொண்டு வருவார்கள். உள்ளே இருப்பவருக்கு அது வெறும் தகவல். அன்று அது மாறி நடந்துவிட்டது.

பக்கத்து இருக்கைப் பெண் எழுத்தர் பிறகு சொன்னாள். "சார் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. கணினி ஏதோ நின்னுபோச்சுன்னு நினைச்சேன்." ஆனால் அவர் எழுந்திருக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வழக்கம்போல ஒவ்வொரு கட்டமாக எழுதிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"தாயார் பேர்னு ஒரு கட்டம் காலியா இருக்கும்மா" என்றார்.

"ஆஸ்பத்திரில கேட்டாங்க. எனக்குத் தெரியலைங்க. அம்மாவுக்கும் கூப்பிடற பேர்தான் தெரியும். பதிவுல என்ன பேர்னு... அப்பாகிட்ட கேக்கணும்னு தோணலை. அதுக்குள்ள..."

அவர் எழுதினார். யாரையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. நான்கு எழுத்து. எழுதி முடித்ததும் வாய் திறந்து கூட்டத் தொடங்கினார். முதல் எழுத்துச் சொன்னார். இரண்டாவது ழகரம். அது வரவில்லை. நாக்கை மடித்து இன்னொரு தரம் முயன்றார். வெறும் காற்றுத்தான் வந்தது. கை தானாகக் கண்ணாடிக்கு அடியில் போனது.

ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அந்தப் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கசக்காதீங்க சித்தப்பா. நீங்க அழக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்கார்."

பெண் எழுத்தர் வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் பின்னால், அலமாரிகளுக்கு நடுவே, பழுப்பு அட்டைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர் நாற்காலியில், அவள் முக்காலியில். கடைசியாக அவர் அவளைப் பார்த்தபோது அவளுக்கு ஆறு வயது.

"எத்தனை நாள் இருந்தான் ஆஸ்பத்திரில?"

"பதினோரு நாள்."

அலுவலகத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி நடந்துபோனால் பத்து நிமிடம். காலையும் மாலையும் அதன் வாசல் வழியாகத்தான் அவர் சைக்கிளில் போவார்.

"உங்க ஊர்லயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கே."

"இருக்கு. நாங்களும் அதைத்தான் சொன்னோம். அவர்தான் இங்க வரணும்னு பிடிவாதம் பிடிச்சார். எதுக்குன்னு சொல்லலை. வந்ததும் உங்களுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன். நாளைக்குச் சொல்லலாம்னார். மறுநாளும் அதையே சொன்னார். எட்டாம் நாள் அவரே வார்டு உதவியாளரைக் கூப்பிட்டு, உங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லச் சொன்னார். இந்த அறிக்கையெல்லாம் கொண்டுவந்து குடுப்பாரே, அவர்."

"எனக்கு யாரும் வந்து சொல்லலையேம்மா."

"அந்த உதவியாளர்தான், 'அவருக்குக் கண் ஆபரேஷன், ஒரு மாசம் லீவு'ன்னு சொன்னார். அப்பா தலகாணில சாஞ்சுட்டார். அப்புறம், 'வேணாம். அவன் சின்ன வயசுலேருந்தே அழுமூஞ்சி. என்னைப் பாத்தா அழுவான், கண்ணு போயிடும். ஒரு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம்'னார். அப்ப அவருக்குத் தெரியாது... டாக்டர் எங்ககிட்டதான் சொல்லியிருந்தார்." அவள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "ஒரு மாசம்னு சொன்னாரேன்னுதான் நீங்க இருக்க மாட்டீங்கன்னு நம்பி வந்தேன். ஜன்னல்ல பாத்தா அப்பா முகம் அப்படியே. என்ன பண்றதுன்னு தெரியலை."

அவர் துருத்திக்கொண்டிருந்த ஒரு பழுப்பு அட்டைப் பதிவேட்டை உள்ளே தள்ளி நேராக்கினார்.

"என்னைத் திட்டினானா?"

"ஒரு தடவை. 'அவசரக்காரன். அம்மா விஷயத்துல அவசரப்பட்டுட்டான்'னு. அதுக்கப்புறம், 'ஆனா எழுத்துல பொறுமைக்காரன்'னும் சொன்னார்."

"கோபம் போயிருந்துச்சா?"

அவள் முக்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண் என்று அவருக்குத் தோன்றியது. "அது எனக்குத் தெரியாது சித்தப்பா. அழுமூஞ்சின்னு சொன்னப்போ சிரிச்சார். அது மட்டும் தெரியும்."

வெளியே யாரோ பெஞ்சில் உட்காரும் சத்தம். பெண் எழுத்தர் "யாருக்குங்க?" என்று கேட்பது கேட்டது.

"கடைசியா எடுத்த படம் போன்ல இருக்கு. முகம் நல்லா இருந்துச்சு. காட்டட்டுமா?" என்றாள்.

அவர் கை பாதி நீண்டது. பிறகு மடங்கிக்கொண்டது. "இப்ப வேணாம்மா. இந்தக் கண்ணு இன்னும் கலங்கலா இருக்கு. அவனை ரெண்டு கண்ணாலயும் பாக்கணும்."

சான்றிதழ் பதிவாளரின் கையெழுத்துக்கு மேலே போனது. ஐந்து பிரதி. மேலே அனுப்புவதற்கு முன் அவர் அதைப் படித்துக் காட்டினார். தாயார் பெயர் வந்த இடத்தில் அவளையே படிக்கச் சொன்னார். அவள் ழகரத்தைச் சரியாகச் சொன்னாள். "நல்லா சொல்றே" என்றார்.

ஒரு மணிக்கு அவருடைய கைபேசி அலறியது. கண்ணுக்கு மருந்து விடும் நேரம். மனைவி வைத்துக் கொடுத்த அலாரம். கடைநிலை ஊழியரைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுந்து குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "தலையைச் சாய்ங்க" என்றாள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்தார். அவள் கீழ் இமையை ஒரு விரலால் மெல்ல இழுத்து ஒரு சொட்டு விட்டாள். "அஞ்சு நிமிஷம் மூடியே இருக்கணும்" என்றாள். அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். மூடியபடியே காற்றில் துழாவி, அவள் புடவைத் தலைப்பின் நுனியைக் கண்டுபிடித்துக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அவர் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.